நான் எழுதிக் கொடுத்த வயது

எங்கள் லாண்டரியின் பழைய ஆட்களுடைய பிறந்த தேதிகளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். போன வருஷம் கொண்டாப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆடிட்டரும் சிரித்தார். வேலைக்குச் சேர்ந்த தேதி எதுவோ அதுவேதான் பிறந்த தேதியும். வருஷம் மட்டும் வேறு.

"க்யா சாப்! உங்க ஆளுங்க எல்லாம் உங்க கேட்டுலயே பொறந்து, நேரா உள்ள வந்து வேலை செய்ய ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

நானும் சிரித்தேன். அந்தக் காலத்தில் என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் பிறந்த தேதி தெரியாது. ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் லேபர் இன்ஸ்பெக்டர் விடமாட்டார். அன்றைய தேதியைப் போட்டேன், ஆளைப் பார்த்தேன், வயதைக் கணித்தேன், வருஷத்தைப் பின்னால் தள்ளினேன். முகத்தைப் பார்த்து வயது சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தெரிந்தே தவறாக எழுதினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் சுத்தியல் பிடித்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தெலுங்கும் இந்த ஊர் உருதான தக்னியும் பேசுவேன், படிக்க வராது. இங்கிலீஷில் என் கையெழுத்து ஒன்றுதான் தெரியும், அதை அழகாகப் போடுவேன். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு திருமுல்கேரியில் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு சிமெண்டுத் தொட்டியோடு ஆரம்பித்தேன். இன்றைக்குப் பேகம்பேட்டில் பெரிய ஹோட்டல் எதில் நீங்கள் படுத்தாலும் அநேகமாக நான் துவைத்த விரிப்பில்தான் படுப்பீர்கள். நாற்பத்திரண்டு பேர் என் கூரைக்குக் கீழே சோறு தின்கிறார்கள். பாங்க் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுக்கிறார். இதையெல்லாம் எவனும் எனக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

என்னோடு அந்தக் கொட்டகையில் ஆரம்பத்திலிருந்து இருந்தவள் இஸ்திரி போடும் ஒரு பெண். பெயர் எழுதப்போவதில்லை. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னை அண்ணா என்பாள். இரண்டு பேருடைய வீடும் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்ததுதான். வேறு சொந்தம் கிடையாது.

அவளை அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நிற்கவே முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்ணைத் தொட்டிப் பக்கம் அனுப்பிவிட்டு, "பதினஞ்சு முடிஞ்சிருச்சுண்ணா. உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றாள். ஆறு மாதத்தில் அந்த அம்மா போய்விட்டாள். பெண்ணை அவள் சித்தப்பா பார்த்துக்கொண்டார்.

பதினெட்டுக்குக் கீழே ஆள் வைத்தால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், நேரம் குறைக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். யார் அலைவது? பதினெட்டு என்று போட்டேன். ரெஜிஸ்டரில் மற்ற எட்டுப் பேர் பக்கத்தில் உண்மை, அவள் ஒருத்தி பக்கத்தில் மூன்று வருஷம் கூடுதல். அந்த இடத்திலேயே அதை மறந்தும் போனேன். என் தலைக்குள் அவள் வயது சரியாகத்தான் இருந்தது. வருஷம் கூடக் கூட என் தலையிலும் ஒன்று கூடியது.

காகித வேலையெல்லாம் இப்போது என் மகள் பார்க்கிறாள். எம்.பி.ஏ. படித்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் பாதித் தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வாள், அதுதான் எங்கள் வீட்டுப் பாஷை. ஆஸ்பத்திரி ஆர்டர் கைக்கு வந்ததும் அவர்கள் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் வேலை உத்தரவுக் கடிதம், வயதுச் சான்று, லீவு விதி, பெண்களுக்கான புகார் கமிட்டி, ஓய்வு வயது, எல்லாம் எழுத்தில் வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. மகள் பேகம்பேட்டில் ஒரு கன்சல்டன்டைப் பிடித்தாள். அந்தப் பையன் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டுக் கொடுத்தான். அதில் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு என்று இருந்தது.

நான் அதை எதிர்க்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. கொட்டகையில் ஆரம்பித்த கம்பெனிக்கு அரசாங்க ஆபீஸ் மாதிரி விதி! பாய்லர் பார்த்தவரும் பேக்கிங் பார்த்தவரும் அந்த விதிப்படி ஓய்வு பெற்றபோது மாலை போட்டு நானே பேசினேன். "சட்டம்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். என் தம்பியா இருந்தாலும் அதேதான்" என்றேன். கை தட்டினார்கள். தங்கச்சியும் ஓரத்தில் நின்று தட்டினாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் மைக்கை வாங்கி, "என் ரெஜிஸ்டர்ல ஒரு பொய் இருந்தா நாளைக்கே ஷட்டர இறக்கிடறேன்" என்றேன். அன்றைக்கு அது எனக்கு முழு உண்மையாகத்தான் தோன்றியது.

அந்த வருஷப் புதுப்பித்தலில் மகள் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"நானா, சதிவி சந்தகம் பெட்டு" என்றாள். அப்பா, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று அர்த்தம்.

"நாப்பது வருஷமா இந்தக் கம்பெனிய நடத்தறவன் நானு. எனக்குத் தெரியாத கடுதாசியா?" என்று சொல்லிவிட்டு, ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் போட்டு முடித்தேன். மகள் ஒரு கடிதத்தின் மேல் விரலை வைத்து என் முகத்தையே பார்த்தாள். நான் அதிலும் போட்டேன். அவள் கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்குள் போனால், உருளை இஸ்திரி மெஷின் நின்றிருந்தது. மேஜை மேல் ஒரு ரோஜா மாலை, ஒரு பெட்டி இனிப்பு. ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டேன்.

தங்கச்சி முன்னால் வந்தாள். அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நீராவிக்கு நடுவில் பட்டுப் புடவையோடு அவளை நான் பார்த்ததே கிடையாது.

"நீங்க வந்துதான் மாலை போடணும்னு எல்லாரும் நிக்கறாங்கண்ணா" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா... இன்னிக்கோட எனக்கு முடியுதில்ல."

"இன்னா முடியுது? யார் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு வார்த்தை கிடையாது. "நீங்கதான்ணா சொன்னீங்க" என்றாள். "கடுதாசி குடுத்தீங்களே. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? மூணு மாசமா, இன்னிக்குக் கூப்பிடுவீங்க, நாளைக்குக் கூப்பிடுவீங்க, ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். சரி, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு நீங்களே சொன்னவரு, நாம போய் நின்னா அண்ணனுக்குச் சங்கடம்னு உட்டுட்டேன்."

மூன்று மாதம். தினமும் காலையில் நான் உள்ளே போவேன், "இன்னா தங்கச்சி?" என்பேன், "ஹவ்ண்ணா" என்று தக்னியில் ஆமாம் போடுவாள். அதற்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. என் ஷெட்டில் ஒரு குண்டூசி விழுந்தாலும் எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்போதே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்குத் தன் கையெழுத்தே தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்ற ஒன்றுதான் என் மனதில் ஓடியது. மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன். நாலு வார்த்தை பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவள் அழவில்லை. இனிப்பை எல்லோருக்கும் அவளே கொடுத்தாள், எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தாள்.

மேலே ஆபீசுக்குப் போய் மகளிடம் கத்தினேன். "அவளுக்கு அம்பத்தஞ்சுதான் ஆவுது! யார் அம்பத்தெட்டுன்னு போட்டது?"

மகள் அலமாரியைத் திறந்து முதல் ரெஜிஸ்டரை எடுத்து விரித்தாள். துணி பைண்டிங் கிழிந்து தொங்கியது. என் கையெழுத்து, என் மை, என் எண்கள்.

"நீங்கதான் போட்டிருக்கீங்க" என்றாள். "ஆதார்லயும் அதான் இருக்கு. நான் விரல வெச்சுக் காட்டினேனே நானா. நீங்க ஒண்ணும் பேசல. மனசக் கல்லாக்கிகிட்டுப் போடறீங்கன்னு நெனச்சேன்."

"மறுபடி வேலைக்கு எடுத்துக்கோ. நான் சொல்றேன்."

"எப்படி? பாய்லர் அங்கிள் கேக்கமாட்டாரா? அவர் அழுதுகிட்டுப் போனாரு. ஒருத்தருக்குன்னு விதிய மாத்தினா ஆடிட்ல நிக்காது. ஒரே வழிதான் இருக்கு. எழுதின வயசு தப்புன்னு நீங்க நோட்டரிகிட்ட அபிடவிட் குடுக்கணும். வேணும்னே தப்பா எழுதினேன்னு."

அந்தக் கேடயம் சுவரில் மகளுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. மைக்கில் பேசியதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணை நீராவியில் நிற்கவைத்துப் பொய்க் கணக்கு எழுதினான் என்று ஆஸ்பத்திரிக்காரன் படிப்பான், ஹோட்டல்காரன் படிப்பான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் பார்த்தேன். தங்கச்சியின் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். கெட்டிக்காரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் உள்ளே போனதும் "குட் மார்னிங் சார்" என்பாள். நான் திரும்பி வந்துவிடுவேன்.

கடைசியில் ஒரு நாள் காலையில் மகளிடம் போய், "எழுது. நான் சொல்றத அப்படியே எழுது" என்றேன். முத்திரைத்தாளில் தெலுங்கில் அடித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும் என்று தமிழில் தனியாக ஒன்று அடிக்கச் சொன்னேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தும் இருந்தது. மறைப்பானேன்.

தங்கச்சி வீடு எங்கள் ஷெட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். புருஷன் காலமாகிப் பல வருஷம். மகன் கொண்டாப்பூரில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான், காலையில் போனால் இரவுதான் வருவான். நான் போனபோது அவள் தனியாக உட்கார்ந்து துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் துண்டைக்கூட ஹோட்டல் மடிப்பில்தான் மடித்து வைத்திருந்தாள்.

"வாங்கண்ணா! கேரியர்ல சோறு எடுத்துகினு வந்தீங்களா, இல்ல இங்கதான் சாப்பாடா?" என்று சிரித்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்று சொல்லித் தாளை நீட்டினேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நீங்களே படிங்க."

தமிழ்த் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இன்னார் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து. அது எனக்குத் தெரியும். தெரிந்தே பதினெட்டு என்று பதிவு செய்தேன். அதற்கு நானே பொறுப்பு.

துணி மடித்த கை நின்றது.

"பதினஞ்சா?" என்றாள்.

"ஆமா. உங்க அம்மா சொன்னாங்க. கதவாண்ட நின்னுகினு சொன்னாங்க."

"எனக்குப் பதினஞ்சுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. அதனாலதான் இப்ப..."

"அப்பவே தெரியுமா?"

நான் தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் எதையோ விரல்விட்டு எண்ணினாள். பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள். என்னிடம் பேசினாளா, தனக்கே பேசிக்கொண்டாளா, தெரியவில்லை.

"அம்மா போனதும் சித்தப்பா கல்யாணம்னாரு. நான் சின்னப் பொண்ணு, வேணாம்னேன். எனக்கு என் வயசு தெரியாது, ஆனா சின்னப் பொண்ணுன்னு தெரியும். அவரு ஒரு பேப்பரக் காட்டினாரு. கம்பெனி பேரு போட்டு, முத்திரை குத்தி, பதினெட்டுன்னு. உங்க அண்ணனே எழுதிக் குடுத்திருக்காரு, படிச்சவங்க பொய் எழுதுவாங்களா, நீ பொய் சொல்ற கழுதன்னு அடிச்சாரு. நான் நம்பிட்டேண்ணா. அண்ணன் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்."

அந்தப் பேப்பர் எனக்கு நினைவு வந்தது. அப்போதுதான் கம்பெனி பெயர் போட்ட கடிதத்தாள் அடித்திருந்தேன், ரப்பர் ஸ்டாம்பு செய்திருந்தேன். யார் எது கேட்டாலும் எழுதி முத்திரை குத்திக் கொடுப்பதில் எனக்கு அப்படி ஓர் ஆசை. சித்தப்பா வந்து ரேஷன் கார்டுக்கு என்றார். எதற்கு என்று இரண்டாவது கேள்வி நான் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து, எவர்சில்வர் குடம் மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

"மொதல் கொழந்த" என்றாள்.

அதுவும் எனக்குத் தெரியும். என் டெம்போவில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு நாள் வலி. குழந்தை இறந்தே பிறந்தது. இவளே பிழைத்தது பெரிது என்றார்கள்.

"பெரிய டாக்டரம்மா பேப்பரப் பாத்துட்டு என்னப் பாத்தாங்க. பதினெட்டு முடிஞ்ச பொண்ணுக்கு இடுப்பு ஏன் இப்படி இருக்குன்னாங்க. மாமியாரு, இவ உடம்பே கோளாறுன்னு சாவற வரைக்கும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுகினு இருந்தேன். எங்கிட்டதான் இன்னாமோ கோளாறுன்னு. இத்தன வருஷமா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கோளாறு இல்லியாண்ணா? சின்னப் பொண்ணா இருந்தேன், அவ்ளோதானா?"

அவள் காலைத் தொடப் போனேன். "நக்கோண்ணா, வேணாம், நக்கோ" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வருவியா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

"வரலைண்ணா."

"கோவமா?"

"கோவம் எனக்கு வர மாட்டேங்குது. வந்தா நல்லாருக்கும். நாளைக்கு வேலைக்கு வந்தா உங்களப் பாப்பேன். பாத்தா அந்தக் கொழந்த வரும். இத்தன நாள் அப்படி இல்ல. நீங்க பேப்பரப் படிக்கறதுக்கு முன்னாடி அப்படி இல்ல." மடித்து வைத்திருந்த ஒரு துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "இதை எங்கயும் குடுக்காதீங்க. எனக்கு அம்பத்தெட்டாவே இருக்கட்டும். அம்பத்தஞ்சுன்னு ஆயிட்டா, அந்த மூணு வருஷம் எங்க போச்சுன்னு நான் தினம் தேடணும்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ரசம் சாதம் போட்டாள். நான் தின்றேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மகள் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்தாள். அதை முடித்தால்தான் தங்கச்சியின் சேமநிதி அவள் கைக்குப் போகும். வேலையை விட்ட காரணம் என்ன என்று கேட்டு அதற்கு ஒரு கட்டம் இருந்தது. ராஜினாமா, ஓய்வு, இறப்பு என்று நாலைந்து இருந்தன. நடந்ததைச் சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை.

"எது போடட்டும் நானா?" என்றாள். அபிடவிட் எங்கே என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பாள்.

"ஓய்வுன்னு போடு."

"வயசு?"

"அவ கேட்டபடியே போடு."

ஐம்பத்தெட்டு என்று அடித்தாள். அச்சாகி வந்ததை நான் வாங்கி, அந்த எண்ணை மட்டும் தேடிப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். என் அழகான கையெழுத்து. மகள் அதன் மேல் முத்திரை குத்தி ஃபைலில் சேர்த்தாள். பணம் இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தது என்று தங்கச்சியின் மகன் போன் செய்து சொன்னான். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் என்றான். அவளைக் கூப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிப்பா என்று வைத்துவிட்டேன்.